சங்கிலியின் கரிச்சுவர்

நெருப்பைப் பற்றிச் சங்கிலிக்குத் தெரிந்த அளவுக்கு வன்னிக் காட்டோர ஊரான ஜெயபுரத்தில் வேறு எவருக்கும் தெரியாது. பதினாறு வயதில் மலைநாட்டுத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். தேயிலை காய்வது புகையில் அல்ல. அடுப்பின் சூடு இரும்புக் குழாயின் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகும் காற்றில் ஏற வேண்டும். புகை இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். குழாயில் புகைக்கரி படிந்தால் சூடு தாண்டாது. அதனால் வாரம் ஒரு முறை அடுப்பை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் குழாய்க்குள் புகுந்து கரியைச் சுரண்டுவார். பதினெட்டு வருசம் அந்த வேலை.

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் எரிந்தன. சங்கிலியும் மனைவி கமலாட்சியும் உடுத்த துணியோடு லொறி ஏறி வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து அலைந்து அலைந்து கடைசியில் ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். இரண்டு ஏக்கரில் கச்சான் என்கிற நிலக்கடலை போட்டார்கள். பிள்ளைகள் இல்லை. மலைநாட்டுத் தமிழருக்குப் பிறப்பால் கிடைக்காத பிரஜாவுரிமைக்கு மூன்று தரம் மனுக் கொடுத்திருந்தார். முதல் மனு தோட்டத்துத் துரையின் மேசையில் கிடந்தது, இரண்டாவது கலவரத்தில் எரிந்தது, மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை. அதனால் ஐம்பத்தைந்து வயது தாண்டியும் அவர் பெயரில் அரசாங்கம் கொடுத்த கடதாசி ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டையும் இல்லை.

தொண்ணூற்றெட்டு தை மாதம், கச்சான் பிடுங்குகிற நேரத்தில் மழை விடாமல் பெய்தது. ஊர் முழுக்கக் கச்சான் பூஞ்சணம் பிடித்தது. சங்கிலி தார்ப் பீப்பாவை வெட்டி ஒரு சூட்டறை கட்டினார். கீழே விறகு எரியும், தகட்டுக்கு மேலே தட்டுகளில் கச்சான் காயும். ஆனால் தகட்டின் நடு பழுக்கச் சிவந்தது. நடுவிலிருந்த கச்சான் கருகியது, ஓரத்தில் இருந்தது நனைந்தபடியே கிடந்தது. ஒரு மாதத்தில் தகடு ஓட்டையானது. இரண்டாவது தகடும் அப்படியே போனது.

மூன்றாவது தடவை அவர் செய்தது வேறு. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வருவதில்லை. கிடைத்த ஒன்றிரண்டையும் சனங்கள் வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்து, இனி உயிர் இல்லை என்றான பிறகே எறிவார்கள். அந்தச் செத்த பற்றரிகளை அந்த வருசம் முழுக்கச் சாக்கோடு திரிந்து பொறுக்கினார். உள்ளே இருக்கும் கரிக்குச்சிகளை எடுத்து விரற்கணு அளவுக்கு அறுத்தார். முதலில் இரண்டு தகடுகளுக்கு நடுவே படுக்க வைத்துப் பார்த்தார், சூடு ஏறவில்லை. பிறகு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்த்தி நிறுத்தினார். இடுக்குகளில் உடைந்த குச்சிகளை இடித்த தூளை நிரப்பினார். அதன்மேல் செப்புக் கம்பி வலை, அதன்மேல் இன்னோர் அடுக்கு, பிறகு மேல் தகடு. அடுப்பை மூட்டி, உள்ளங்கையைத் தகட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து ஓரம்வரை நடந்தார். எல்லா இடத்திலும் ஒரே சூடு. அடுத்த தைப் பருவத்தில் பதினேழு வீட்டுக் கச்சான் அதில் காய்ந்தது.

ராஜரத்தினம் அந்தச் சூட்டறையைப் பார்க்க வந்தது அப்போதுதான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளங்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் தனியாக இருந்தார். அடுப்புக்குள் குனிந்து பார்த்தார், மேல் தகட்டைத் தொட்டுப் பார்த்தார், பிறகு நிலத்தில் குந்தி இருந்துகொண்டார்.

"கரி சூட்டை மறிக்கும் எண்டுதானே நாங்கள் படிச்சது. நீர் கரியாலையே கடத்திறீர்."

"புகைக்கரி மறிக்குங்க ஐயா. இது வேற கரி. நிமித்தி வச்சா சூடு ஏணியில ஏறுற மாதிரி ஏறிடுது."

"இதை இப்பிடியே விடக்கூடாது. ஆக்கவுரிமைக்கு எழுதவேணும்."

ஒரு பொருளை முதன்முதல் கண்டுபிடித்தவர் இன்னார் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது என்று ராஜரத்தினம் விளங்கப்படுத்தினார்.

"எம் பேரு போடுவாங்களா ஐயா?"

"உம்மடை பேர்தான் போடவேணும். வேறை ஆரின்ரை பேரைப் போடுறது?"

ராஜரத்தினம் நான்கு நாள் இருந்து படம் வரைந்தார். விண்ணப்பத்தில் நாட்டுரிமை என்ற இடம் வந்தபோது அவர் பேனை நின்றது. ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். தொண்ணூற்றொன்பது பங்குனியில் அது கொழும்புக்குத் தபாலில் போனது. இரண்டு மாதம் கழித்து, கிடைத்தது என்று பதில் வந்தது. உறையின்மேல் 'திரு. சங்கிலி' என்று தட்டச்சு செய்திருந்தது. அந்தக் கோட்டைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. கமலாட்சி அந்த உறையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அடுத்த கடிதம் இரண்டாயிரமாம் ஆண்டு மாசியில் வந்தது. பரிசோதகரின் அறிக்கை, நான்கு பக்கம், ஆங்கிலம். ராஜரத்தினம் முதலில் தனியாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சங்கிலி, வெளிநாட்டிலை ஒருத்தர் உமக்கு எட்டு மாதம் முந்தி விண்ணப்பம் போட்டிருக்கிறார். அவரும் கரிதான். கரியைக் குழாய் குழாயாச் செய்து, அடுக்கடுக்கா, ரெண்டு தகட்டுக்கு நடுவிலை நிமித்தி நிப்பாட்டியிருக்கிறார். சூட்டைக் கடத்தத்தான்."

"கரியில குழாயா? எம்புட்டு பெருசுங்க?"

"கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமயிரைப் பத்தாயிரமாப் பிளந்தால் அதிலை ஒண்டு. நனோக் குழாய் எண்டு சொல்லுறாங்கள்."

அறிக்கையோடு வந்த படத்தை ராஜரத்தினம் விரித்துக் காட்டினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் கோடுகள், இடையில் ஒரு வலை. ராஜரத்தினம் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. சங்கிலியின் முகம் மலர்ந்ததைக் கண்டு ராஜரத்தினத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப அவரும் மொதல்ல படுக்க வச்சுப் பாத்துட்டுத்தான் நிமித்தியிருப்பாருங்க," என்றார் சங்கிலி.

ராஜரத்தினத்துக்கு அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எண்ணம் ஒன்றென்றால் முந்தினவருக்குத்தான் உரிமை. வெளிநாட்டவருடையதிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது, பற்றரிக் குச்சியில் அந்தக் குழாய்கள் இருக்கின்றனவா, சூடு எவ்வளவு சமமாகப் பரவுகிறது என்பதையெல்லாம் அளந்து எழுதி, மாதிரி ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பரிசோதகர் மரியாதையாகவே எழுதியிருந்தார். விண்ணப்பதாரரின் முறை கவனத்துக்குரியது என்று ஒரு வரியும் இருந்தது. பதிலுக்குத் தவணை மூன்று மாதம். கடிதம் வந்து சேரவே அதில் ஏழு வாரம் போய்விட்டது.

மயிரைப் பத்தாயிரமாகப் பிளந்து பார்க்கும் கருவி வன்னியில் எங்கே இருக்கிறது? கரண்டே இல்லாத ஊர். ஆனால் சூட்டை அளக்கலாம் என்றார் ராஜரத்தினம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வெப்பமானி கடன் வாங்கினார்கள். ஒரே அளவான ஆறு பால்மாத் தகரங்களில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தார்கள். வெறும் தகட்டில் நடுத் தகரம் கொதித்தபோது ஓரத் தகரத்தில் கைவிட்டுக் கழுவலாம். கரிச்சுவரின்மேல் முதல் தகரம் கொதித்து இரண்டு நிமிடத்துக்குள் ஆறும் கொதித்தன. மூன்று நாள் திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். ராஜரத்தினம் வேர்க்க வேர்க்க எழுதினார். பரிசோதகருக்கு எழுதிய பதிலில், வெளிநாட்டவரின் குழாய்க்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும், இதற்கு எறிந்த பற்றரி போதும், பயிர் செய்யும் ஏழைக் கமக்காரன் தன் முற்றத்திலேயே செய்யலாம், அதுவே வேறுபாடு என்று முடித்திருந்தார்.

மாதிரி உள்ளங்கை அகலம். அதைத் தபாலில் போட்டால் போய்ச் சேராது. யாராவது கொண்டு போக வேண்டும். அடையாள அட்டை இல்லாத சங்கிலிக்கு வன்னியைத் தாண்டி அப்பால் போகப் பாஸ் கிடைக்காது.

"நான் போறன்," என்றார் ராஜரத்தினம். "பென்சன் அலுவலும் கிடக்கு."

"வேணாங்க ஐயா. ஒடம்பு முடியாத நேரத்துல."

"அறுபத்தெட்டு வயதுக் கிழவனை ஆர் என்ன செய்யப் போறான்?"

அவர் புறப்பட்ட நான்காம் நாள், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் யோகலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். வவுனியாவுக்கு வடக்கே இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் அவரும் ராஜரத்தினம் நின்ற வரிசையில்தான் நின்றிருந்தார்.

"ஐயாவைப் பிடிச்சிட்டாங்கள்."

சங்கிலியின் கையிலிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது.

"பொட்டலத்தைப் பிரிச்சவங்கள். பற்றரிக் குச்சி, செப்புக் கம்பி. குண்டெண்டு இல்லாமல் வேறை என்ன நினைப்பாங்கள்?"

"கொழும்புக் கடுதாசியக் காட்டலீங்களா?"

"காட்டினவர். இங்கிலீசிலை விளங்கப்படுத்தினவர். சுத்தியலாலை உடைச்சுப் பாத்தாங்கள். உள்ளுக்கை கரிதான். எண்டாலும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

ராஜரத்தினத்தை இருபத்து மூன்று நாள் வைத்திருந்து, பிறகு விடுவித்தார்கள். திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை. வவுனியாவில் ஓர் அகதி முகாமில் தங்கியிருக்கிறார் என்று தகவல் வந்தது. பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம், வேறு யாருடைய கையெழுத்திலோ: 'மாதிரி போய்விட்டது. தாள்களையும் திருப்பித் தரவில்லை. அளவெல்லாம் நினைவில் இருக்கிறது, ஆனால் படம் வரையப் பேனை பிடிக்க முடியவில்லை. நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.'

ஆனியில் ராஜரத்தினம் வவுனியாவில் இறந்துபோனார். சங்கிலி பாஸ் கொடுக்கும் கந்தோரின் வாசலில் இரண்டு நாள் நின்றார். அடையாள அட்டை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார். செத்தவர் உமக்கு என்ன முறை என்று கேட்டார்கள். பாஸ் இல்லாமல் திரும்பி வந்தார். முகாமில் இருந்தவர்கள் கூடி எரித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொல்ல இப்போது உபதபாலகத்தில் வேலை செய்த சிவலட்சுமியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒரு தடவை மனதுக்குள் வாசித்துவிட்டுத் தலையை உயர்த்தினார்.

"தவணைக்குள்ளை பதில் வரேல்லையாம். விண்ணப்பத்தைக் கைவிட்டதா எடுக்கினமாம்."

"கைவிட்டதுன்னா, யாருங்க கைவிட்டது?"

"நீங்கள் கைவிட்டதாத்தான் எழுதியிருக்கு."

சங்கிலி தலையாட்டினார்.

"ஆனால் இன்னும் ஆறு மாதம் தந்திருக்கினம். பிந்தினதுக்குக் காரணம் எழுதினால் திரும்ப எடுப்பினமாம். நான் எழுதித் தாறன். படம் வரைய ஒருத்தரைப் பிடிப்பம்."

"காரணம்னு என்னம்மா எழுதுவீங்க?"

"நடந்ததைத்தான்."

"நடந்தத எழுதினா அந்தக் கடுதாசி சாவடியத் தாண்டுமா? தாண்டினாலும், அதுக்காகக் கேள்வி கேட்டு வந்தா யாரப் புடிப்பாங்க? எழுதினவங்களத்தானே."

சிவலட்சுமி கடிதத்தை மடித்து உறையிலிட்டுக் கொடுத்தார். சங்கிலி கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அன்றிலிருந்து அவர் பேச்சுக் குறைந்தது. கமலாட்சி திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "அவரு போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். "நான் பேருக்கு ஆசப்பட்டேன்," என்றார். ஊரில் யாரோ அவருக்காகக் கோயிலில் நூல் மந்திரித்துக் கையில் கட்டிவிட வந்தார்கள். மறுக்காமல் கையை நீட்டினார்.

இரண்டாயிரத்தொன்று தையிலும் மழை விடவில்லை. நனைந்த கச்சான் சாக்குகளோடு சனங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். சங்கிலி குடிசைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கமலாட்சி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தானே விறகை அடுக்கிச் சூட்டறையை மூட்டினாள். காற்றுவழியை எவ்வளவு திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. முழுதாகத் திறந்துவிட்டாள். நெருப்பு இரைந்தது.

அந்த இரைச்சலைச் சங்கிலி கேட்டார். தேயிலை ஸ்டோரில் அப்படி ஒரு சத்தம் வந்தால் எத்தனை ஆழ்ந்த தூக்கத்திலும் எழுந்து ஓடியிருப்பார். காற்றுவழியை அரைவாசி மூடினால் போதும், கச்சான் தப்பிவிடும். அது அவருக்குத் தெரியும். எழும்பவில்லை.

அன்று காய்ந்த கச்சானில் பாதி கருகிப் போயிற்று. சனங்கள் அதைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்; எவரும் குறை சொல்லவில்லை. சித்திரையில் கொழும்பு கொடுத்த ஆறு மாதமும் முடிந்தது. அந்த நாளைக் குறித்து வைத்திருந்தவர் சிவலட்சுமி ஒருவர்தான்.