சோடிக் கம்பிக்குத் தரை

அந்தப் பச்சை சர்க்யூட் பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். அடியில் கிரவுண்டுக்காக விரிந்திருந்த செப்புத் தரையை அக்கா இரண்டாக வெட்டிய கோடு அது. உச்சிப்புளியில் நானும் அவரும் சேர்ந்து படகு எஞ்சினுக்கு மீட்டர் செய்துகொண்டிருந்தோம். சர்க்யூட் போர்டு வரைவதெல்லாம் அக்காதான். கூடப் பிறக்காத அக்கா; இலங்கையிலிருந்து வந்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து டிப்ளமோ படித்தவர். வாயடிப்பதில் நான் சளைத்தவன் இல்லை. அவர் எனக்கும் மேலே.

எஞ்சின் இரைச்சல் சிக்னலுக்குள் வரக் கூடாதென்றுதான் தரையை வெட்டினார். அந்த வெட்டைத் தாண்டித்தான் சிக்னலைச் சோடியாகக் கொண்டுபோகும் டிஃபரன்ஷியல் கம்பிகள் இரண்டும் போயின. "கிரவுண்டு அறுந்து கெடக்கேக்கா, ரிட்டர்ன் எப்படி வரும்?" என்றேன். "சோடியாப் போற கம்பிக்குத் தரை என்னத்துக்குத் தம்பி? ஒண்டில போறது மற்றதில திரும்பி வரும்" என்றார். படகில் எஞ்சினை முடுக்கியதும் மீட்டரில் எண்கள் பேயாட்டம் ஆடின. பலரும் செய்கிற பிழைதான். சோடியாக ஓடினாலும் ஒவ்வொரு கம்பியின் மின்னோட்டமும் பெரும்பாலும் தனக்கு நேர் கீழே உள்ள தரையில்தான் திரும்புகிறது. தரை அறுந்திருந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும், வழியில் கிடக்கிற இரைச்சலையும் கூட்டிக்கொண்டு வரும். மறுபடி வரைந்தபோது தரையை வெட்டாமல் விட்டார். எண்கள் அடங்கின. "சரி சரி, தரையும் வேணும்தான்" என்று சிரித்தார்.

அப்படியே இருந்திருக்கலாம். அவரும் கணவரும் ஊருக்கே திரும்புவதென்று முடிவெடுத்தார்கள். மன்னார்ப் பக்கம் அப்பா விட்டுவந்த காணியில் ஒரு வீடு கட்ட வேண்டும், முகாம் அறையில் சாகக் கூடாது. அக்காவுக்கு வேறு ஆசையே கிடையாது. காணியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "நாங்க ரெண்டு பேர் இருக்கிறம்தானே, பார்த்துக்கொள்ளுவம்" என்றார். எனக்குத் தரை அறுந்த அந்த போர்டுதான் ஞாபகம் வந்தது. சந்தோஷமாகக் கிளம்புகிறவரிடம் அதையா சொல்வது?

காணியில் வேறொரு குடும்பம் வீடு கட்டியிருந்தது. அவர்கள் வைத்த மாமரம் காய்க்கவும் தொடங்கியிருந்தது. அவர்களும் போரில் வேறெங்கோ வீடிழந்து வந்தவர்கள்தான்; யாரைத் திட்டுவது? வழக்கு நடக்கும்போதே, வாடகை வீட்டில், அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார்.

போன வாரம் அக்கா போனில் பேசினார். "திரும்பி வந்துருங்கக்கா, இங்கன நாங்கள்லாம் இருக்கோம்" என்றேன்.

"திரும்பித்தானே தம்பி இங்க வந்தனான்" என்றார்.