மணல் அள்ளிய மேஸ்திரிக்கு மரியாதை

தட்டு மேஸ்திரிக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய சுத்தியல். பாதாளச் சாக்கடையில் இருபத்தாறு வருஷ வேலை. ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு பெரிய, பழைய செங்கல் சாக்கடை அது. விஷவாயு இல்லை என்று கருவி சொன்ன பிறகே இறங்குவார். இறங்கினால் முழத்துக்கு ஒரு தட்டு. ‘டங்’ என்றால் செங்கலுக்குப் பின்னால் மண் இருக்கிறது. ‘பொத்’ என்றால் மண் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு என் மூஞ்சியைப் பார்க்கறதுக்கு முந்தி எங்க வீட்டுச் சுவரைத்தான் தட்டிப் பார்த்தாரு" என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

தெருக்களுக்கு அடியில் பொடிமணல். நீர் பட்டால் சர்க்கரை மாதிரி கரைந்து ஓடும். செங்கல் இடுக்கில் நூலளவு விரிசல் போதும், நிலத்தடி நீரோடு மணலும் சாக்கடைக்குள் குடியேறிவிடும். மேலே ரோடு மட்டும் வறட்டுக் கௌரவத்தோடு நிற்கும்.

ஆபீஸுக்கோ மணல் என்றால் கொண்டாட்டம். சாக்கடையிலிருந்து அதிக லோடு மணல் எடுத்த குழுவுக்கு வருஷா வருஷம் கேடயம். இந்த வருஷம் மேஸ்திரியின் குழுவுக்கு. தபால் ஆபீஸ் தெருவில் மட்டும் நாற்பது லோடு. விழா மேடையையும் அதே தெருவில் போடச் சொல்லிவிட்டார் இன்ஜினீயர்.

மேஸ்திரி ஓடினார். "சார், நாற்பது லோடும் சாக்கடைக்குள்ள விளைஞ்சதில்ல. அந்தத் தெருவைத் தாங்கிக்கிட்டு இருந்தது. மேல்வளைவு பூரா பொத்துபொத்துங்குது. மேடை வேணாம், தெருவையே அடைக்கணும்."

"படிவத்துல விரிசலோட நீளம் இருக்கு, அகலம் இருக்கு. சத்தத்துக்குக் கட்டம் இல்லையே, மேஸ்திரி."

"கட்டம் இல்லேன்னா பள்ளம் வராதா சார்?"

"கேடயம் வாங்கற நேரத்துல ஏன் அபசகுனமா பேசறீங்க? ரோடு லேசா இறங்கியிருந்துச்சு. போன வாரம்தான் தார் போட்டுச் சமமாக்கினோம்."

சீழ் வைத்த புண்ணுக்குப் பவுடர் பூசின கதை.

வீட்டில் மனைவி சலித்துக்கொண்டாள். "முன் வரிசையில உட்காரணும்னு என் தம்பி புதுச்சட்டை தச்சுட்டான்."

"அவனை வர வேணாம்னு சொல்லிடலாம். மிச்ச முந்நூறு பேருக்கு யார் சொல்றது?"

"நாலு வருஷமா எழுதிக் குடுக்கறீங்க, காதுல ஏறல. அவங்களுக்கு மூக்காவது இருக்கான்னு பாருங்க."

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

விழா நாள் காலை ஆறு மணிக்கு தபால் ஆபீஸ் தெருவில் மூன்று மேன்ஹோல் மூடிகள் திறந்திருந்தன. தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு. எட்டு மணிக்குக் கைக்குட்டையும் மூக்குமாக இன்ஜினீயர் வந்து சேர்ந்தார்.

"என்ன மேஸ்திரி இது!"

"காற்றோட்டப் பணி சார். படிவத்துல கட்டம் இருக்கு."

"எப்ப முடியும்?"

"சாயங்காலம் ஆயிடும் சார்."

அரைமணி நேரத்தில் நாற்காலிகள் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கால் முளைத்து ஓடின. தூக்க ஆளில்லாமல் ஜெனரேட்டர் மட்டும் தங்கிவிட்டது. மைக்கில் இன்ஜினீயர், "நமது உறுதியான அஸ்திவாரம்" என்று இரண்டாவது முறை சொல்லும்போது தபால் ஆபீஸ் தெரு வாயைத் திறந்தது. ஒரு பஸ் நீளத்துக்குப் பள்ளம். ஜெனரேட்டர் உள்ளே போனது. ஆள் ஒருவருக்கும் கீறல் இல்லை.

மறுநாள் இன்ஜினீயர் முகத்தில் வருத்தத்தைவிடக் கணக்கு அதிகம் தெரிந்தது. "உள்ளே சரிஞ்ச மண்ணையும் எடுப்பீங்கல்ல? அறுபது லோடு தேறும். அடுத்த வருஷக் கேடயமும் உங்களுக்குத்தான்."

மேஸ்திரி பக்கத்துத் தெருவை அடைத்து மராமத்து பார்க்க அனுமதி கேட்கும் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இங்கேயும் சத்தமா?"

"இல்ல சார். காற்றோட்டம்."

இன்ஜினீயரின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. மறு கை கையெழுத்தைப் போட்டது.