தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தவள்

விடுதியின் சலவையறையில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். அவள் இஸ்திரி போட்டு மடித்த விரிப்பைப் பிரிக்கவே மனசு வராது என்பார்கள். விரிப்பு சொன்னபடி கேட்டது, முழங்கால்தான் கேட்கவில்லை. நாள் முழுக்க ஆவியிலும் வெக்கையிலும் நின்றுவிட்டு வீடு திரும்பினால் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

பொறுக்கமாட்டாமல், சூப்பர்வைசர் மூலம் மேனேஜரிடம் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தாள். மேனேஜர் புதிதாக வந்தவர், தமிழ் தெரியாதவர். வெள்ளிக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சூப்பர்வைசர் அன்று வரவில்லை. மேனேஜர் மேசையைப் பார்த்தபடியே நிறையப் பேசினார். அவளுக்குப் பிடிபட்டது கடைசி வரி மட்டும்தான்: "வீ ஆர் லெட்டிங் யூ கோ."

லெட் தெரியும், கோ தெரியும். போக விடுகிறார்கள், லீவு கிடைத்துவிட்டது.

"தேங்க்யூ சார்" என்று மனசாரச் சொன்னாள். அவர் ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் படுத்துவிட்டாள். கல்லூரி விட்டு வந்த மகளுக்கு, அம்மா பகலில் தூங்குவதே அதிசயம். விழித்ததும் அம்மா லீவு கதையைச் சொன்னாள். மேனேஜர் என்ன சொன்னார், அப்படியே சொல்லு என்றாள் மகள். அம்மா அப்படியே சொன்னாள்.

மகள் வெளியே போய் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். துவைக்கும் வேலையை வெளியாளுக்குக் கான்ட்ராக்ட் விட்டாச்சாம். சலவையறையே இனி இல்லையாம். உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அது லீவு இல்ல. தனித்தனியா பார்த்தா விடு, போ. சேர்த்துச் சொன்னா வேலையை விட்டு நிறுத்திட்டோம்னு அர்த்தம். பிடிச்சிருந்த கையை விடுறதுக்கும் அதையேதான் சொல்வாங்க."

அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவங்க எப்போடி என் கையைப் பிடிச்சாங்க? நான்தானே இத்தனை வருஷமா இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நான் தேங்க்யூ வேற சொல்லிட்டு வந்தேனே."

வேலை போனதைவிட அதுதான் அவளை அரித்தது. அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பான்? இவளுக்கு ரோஷமே இல்லை என்றா, சரியான பைத்தியம் என்றா? மகள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். திங்கட்கிழமை நானே போய்ப் பேசுகிறேன் என்றாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள் அம்மா. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

"ஒரு வாரம் தூங்கிக்கிறேன்டி. நான் கேட்டது அதுதானே. அப்புறம் வேற இடம் பார்க்கலாம்."

காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மகள் விளக்கை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் அரிசி களையப் போனாள்.