சிஸ்லி விற்காத பசு

இங்கிலாந்தின் நார்விச் சந்தையில் என் பக்கத்தில் வெண்ணெய் விற்ற சிஸ்லி என்னைப் போலவே விதவை. இரண்டு புருஷன்களைப் புதைத்தவள். ஒரே பசுவின் பாலில் மூன்று பெண்களை வளர்த்தாள். கூரை ஒழுகியதால், அதைச் செப்பனிட அந்தப் பசுவையும் விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை மாட்டு வியாபாரி ஆம்புரோஸ் வந்தான். அரைப் பென்னிக்கு அரை நாள் பேரம் பேசுகிற கஞ்சன், அவள் கேட்டதற்கு மேல் இரண்டு ஷில்லிங் நீட்டினான்.

"என்னய்யா, பேரம் பேசலியா? காய்ச்சலா?"

"நல்லது செய்ய வந்தா நக்கலா? சீக்கிரம் பிடி!"

சிஸ்லி ஒரு காசைக் கட்டைவிரலால் தேய்த்தாள். வெள்ளிப் பூச்சு போய், காசில் பொறித்த ராஜாவின் மூக்கு செம்பாகத் தெரிந்தது.

"இதைத் தள்ளிவிட இவ்வளவு அவசரமா? காசு வேணாம், கோதுமையா குடு."

"கோதுமையா? முடியாது!"

"அப்ப பசுவும் கிடையாது. நடையக் கட்டு."

மதியமே ராஜாவின் ஆட்கள் தண்டோரா போட்டார்கள். பன்னிரண்டு பென்னி மதிப்பிருந்த ஷில்லிங் இனி ஒன்பது பென்னிதானாம். அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, திருட்டுப்பயல்!

சிஸ்லி பசுவை அவன் கடை வாசலுக்கே ஓட்டிப் போய் நிறுத்தினாள்.

"உன் ராஜாவுக்குத்தான் விலை இறங்கிச்சு, ஆம்புரோஸு! என் பசு இன்னைக்கும் அதே பாலைத்தான் கறக்குது!"

சந்தையே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.