பொழுதுபடாத தேசமும் என் விளக்கும்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். ஜெர்மனியில் பான் நகரில் இருந்தபோது, ஐஸ்லாந்து எரிமலைகளைப் பார்க்க மகள் பயணம் ஒழுங்கு செய்தாள். எனக்கோ வீட்டு விளக்கை விட்டுப் போக மனமில்லை. போரில் காணாமல்போன தம்பிக்காக அம்மனுக்கு நேர்ந்து, பொழுதுபட்டதும் தினமும் விளக்கேற்றி வந்தேன்.

“அங்கையும் ஏத்தலாம்தானே அம்மா?”

“கோடையில அங்க பொழுதே படாதாம் பிள்ளை! எப்ப ஏத்திறது? நீங்கள் போங்கோ.”

“நீங்கள் வராட்டி ஒருத்தரும் போகேல்லை.”

அவள் முகம் வாடியது. விஷயமறிந்த மேல்வீட்டு ஜெர்மன் அம்மா வந்தார். தவறாமல் தேவாலயம் போகிறவர்.

“சாவியைத் தாருங்கள். நான் ஏற்றி, அணையும்வரை பக்கத்திலேயே இருப்பேன். தம்பியின் பெயர் என்ன? பெயர் தெரிந்தால்தானே கடவுளிடம் கேட்கலாம்?”

அழுதுகொண்டே சொன்னேன். சாவியையும் கொடுத்தேன்.

தம்பி இன்னும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்காக இரண்டு பேர் காத்திருக்கிறோம். வாசிப்பவர்கள் இதைக் கூட்டிக் குறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்லுங்கள்.