அந்தோனியாரிடம் இரண்டு நேர்த்தி

இங்கே பிறந்தநாள் வந்தால் பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கேக் வாங்கி வரவேண்டும். அதோடு விடமாட்டார்கள், அவருக்கு வேண்டியவர்களுக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். நெதர்லாந்துக்கு வந்த முதல் மாதம், ஒரு காலையில் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து நன்றி சொன்னேன். பிறந்தநாள் என் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் நான் செய்த சாதனை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒல்லாந்தர் என்கிற இந்த டச்சுக்காரர்கள் ஒன்றும் புதியவர்கள் அல்ல என்று எண்ணித்தான் விமானம் ஏறினேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவர்கள் கட்டிய பழைய கிறிஸ்தவக் கோயில் இன்னும் நிற்கிறது. பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தின்படி அவர்கள் எங்கள் ஊருக்குக் கறுவாப்பட்டைக்காக வந்தார்கள். நான் அவர்கள் ஊருக்கு வந்தது இறைச்சிக்காக. மாட்டை வெட்டாமல் மாட்டிறைச்சி செய்யப் பார்க்கும் கம்பனி ஒன்றில் வேலை. மாட்டின் தசையில் கடுகளவு எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைத் தொட்டியில் விட்டுப் பெருக்குவார்கள். அவை சும்மா மிதந்துகொண்டு வளரமாட்டா. பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். அதைச் செய்து கொடுப்பது நான். தலைமுடியைவிட மெல்லிய நார்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடையிடையே துளை விட்டு, ஒரு மெத்தைபோல் ஆக்கவேண்டும். இயந்திரத்தின் கண்ணிலிருந்து நார் சுருள்சுருளாக விழும்போது கூட வேலை செய்கிறவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு இடியப்ப உரல்தான் நினைவுக்கு வரும், உடனே பசிக்கும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் விளக்கினேன். அம்மா கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சரிபார்க்காமல் ஏற்கமாட்டார்.

"மாட்டை வெட்டேல்லையா?"

"இல்லை அம்மா."

"உயிர் போகேல்லையா?"

"இல்லை. மாடு அங்க புல்லுத் திண்டுகொண்டு நிக்குது."

"அப்ப தவக்காலத்து வெள்ளிக்கிழமையிலயும் இந்த இறைச்சியைச் சாப்பிடலாமோ?"

நேர்முகத் தேர்விலும் சரி, வேலைக்கு வந்த பிறகும் சரி, இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அம்மா பங்குப் பாதரிடமே கேட்டுவிட்டார். யோசித்துச் சொல்வதாகப் பாதர் சொன்னாராம். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

உயிரணுவை வளர்ப்பது பெரிய காரியமில்லை, வளர்ந்ததை நாரிலிருந்து கழற்றியெடுக்கிற அறுவடைதான் தலைவலி. வழக்கமாக ஒரு நொதியை ஊற்றிப் பிடியை விடுவிப்பார்கள். கொஞ்சம் கூடிப்போனால் உயிரணுக்கள் அதிலேயே செத்துப்போகும். என் நாருக்கு வேறொரு பூச்சு உண்டு. உடம்புச் சூட்டில் உயிரணு அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். குளிர்ந்த நீரை விட்டால் பூச்சு நீரை உறிஞ்சி ஊதும், உயிரணு தானாகவே பிடியை விடும். (குளிர் தேசத்துக்கு வந்த சனத்துக்கு இதை உவமை ஆக்கிவிடலாம் என்று சில நண்பர்கள் துள்ளுவார்கள். வேண்டாம், நான் நாரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.) சின்னக் கிண்ணத்தில் எல்லாம் அழகாக நடந்தது. பெரிய தொட்டியில் வைத்தபோது மெத்தையின் வெளிப்பக்கத்து உயிரணுக்கள் மட்டும் கழன்றன. நடுவிலிருந்தவை அசையவில்லை, ஏனென்றால் குளிர்நீர் அங்கே போய்ச் சேரவே இல்லை. தடிப்பாகப் பிழிந்த இடியப்பம் நடுவில் வேகாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை நான், எல்லா இடத்திலும் துளையை ஒரே அளவில் விட்டிருந்தேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் பெயர் யாப். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத மனிதர். அடுத்த முறையும் இப்படித்தான் என்றால் பிரிவை மூடிவிடுவார்கள் என்று, கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். வேலை போனால் என் வதிவிட அனுமதியும் போகும். பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

மெத்தையின் நடுப்பகுதியில் நார்களைத் தளர்த்தி, துளைகளைப் பெரிதாக்கி, புதிதாக ஒன்றைச் செய்தேன். மனிதர் செய்யக்கூடியது அவ்வளவுதான். மிச்சத்துக்குக் கொட்டாஞ்சேனைக்காரர் போகிற இடம் ஒன்றிருக்கிறது. செவ்வாய்க்கிழமையில் அந்தோனியார் கோயிலடிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்கரான நாங்கள் மட்டுமல்ல, சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் எல்லோரும் ஆளுக்கொரு மனுவோடு நிற்பார்கள். காரியம் கைகூடினால் ஏழைகளுக்குப் பேக்கரிப் பாண் கொடுக்கிறேன் என்று நேர்வது வழக்கம். நானும் நேர்ந்தேன். நேர்ந்துவிட்டு, அங்கே எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லி அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் ஏற்கெனவே ஒரு நேர்த்தி வச்சிருக்கிறன், மகள்."

"என்ன நேர்த்தி?"

"நீ வீட்ட வரவேணும் எண்டு."

பாவம் அந்தோனியார். ஒரே வீட்டிலிருந்து ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு மனு. இந்த அறுவடை தவறிப்போனால் அம்மாவின் வேண்டுதல் பலித்ததாகும். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: மழைக்குள் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போன சில காலைகளில், அம்மாவின் மனுவே வெல்லட்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் அந்த ஆசை போய்விடும். என் நாரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அறுவடை நாளன்று குளிர்நீரைத் திறந்துவிட்டு, கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி நின்றோம். தெளிந்த நீர் வந்துகொண்டே இருந்தது. பிறகு நீர் கலங்கியது; அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக வரத் தொடங்கியது. எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் உயிரோடு, உருண்டு திரண்டு கிடந்தன. யாப் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நீட் ஸ்லெக்ட்" என்றார். மோசமில்லை என்று அர்த்தம். அவ்வளவுதானா என்று எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. கழிவறையில் போய் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெண் தேடி வந்தாள். யாப் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டை இந்தக் கட்டிடம் கேட்டதில்லை என்றும், பிரிவு தப்பிவிட்டது என்றும் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாணுக்குப் பதில் ஒரு பெட்டி நிறைய இனிப்புப் பணிஸ் வாங்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போய், மேசை மேசையாகக் கொடுத்து நேர்த்தியைத் தீர்த்தேன். எல்லோரும் எழுந்து நின்று எனக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். பாதிப் பாட்டில் நிறுத்தி அந்தோனியாரைப் பற்றி விளக்க மனம் வரவில்லை. எத்தனை வயது என்று யாப் கேட்டார். அதையும் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண்ணுக்கும் கை கொடுத்து வாழ்த்தினார்கள்.

அன்றைக்கே அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஆருக்குக் குடுத்தனி?"

"இங்க வேலை செய்யிற ஆக்களுக்கு."

"வயிறு நிறைஞ்ச ஆக்களுக்குக் குடுத்தா அது நேர்த்தியா? அது பார்ட்டி. இங்க வந்து, கோயிலடியில பசியோட இருக்கிற சனத்துக்குக் குடு. வாக்குக் குடுத்துட்டு அவரை ஏமாத்தாத."

மறுநாளே யாப்பின் மேசைக்குப் போனேன். லீவு கேட்டேன். அறுவடை நல்லபடி முடிந்ததற்கு ஊருக்குப் போய்ப் பாண் கொடுக்கவேண்டும் என்று யாப்பிடம் சொன்னபோது, இங்கே பேக்கரி இல்லையா என்று கேட்டார்.

இப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, கொழும்பு வெயிலில் முதுகு நனைய, பாண் நிறைந்த கூடையோடு கோயிலடியில் நின்றேன். த்ரீவீல்காரர்கள் வழி கேட்டு ஹோர்ன் அடித்தார்கள். பாணை வாங்கிய ஒரு வயோதிபர் என் தலையில் கை வைத்துச் சிங்களத்தில் ஆசீர்வதித்தார். கூடை காலியானதும் அம்மாவும் நானும் மெழுகுதிரி கொளுத்துகிற இடத்துக்குப் போனோம். என் தோள்பையில் திரும்பிப் போகிற டிக்கெட் இருந்தது. அது அம்மாவுக்கும் தெரியும்.

"அந்தோனியார் ரெண்டு பேரின்ர மனுவையும் கேட்டுட்டார். இப்ப சந்தோசம்தானே?" என்றேன்.

"ஓம். பிழை என்னிலதான். வரவேணும் எண்டு மட்டும் கேட்டனான். இங்கயே நிக்கவேணும் எண்டு கேக்க மறந்துபோனன்."

சொல்லிக்கொண்டே கைப்பைக்குள்ளிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்தார். துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் தீக்குச்சி அணைந்தது, அடுத்ததும் அணைந்தது.

"பாத்துக்கொண்டு நிக்கிறியே, காத்தை மறையன் மகள்."

இரண்டு கையையும் குவித்து, திரி பற்றிக்கொள்ளும்வரை நான்தான் காற்றை மறைத்துக்கொண்டு நின்றேன்.