திராமனிலிருந்து புருசெத்துக்கு ஒரு தீ

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து ஒஸ்லோவில் தகரப் பட்டறை கட்டினேன், அங்கேயே புருசெத் பகுதியில் வீடு வாங்கினேன், எங்கள் மாதா கெபிக்குக் கூரை போட்டேன். கடைசியாகச் செய்தது ஒரு விளக்குக்கூடு. அதோடு போன பயணம் இது.

சனி, காலை 11.10, ஒஸ்லோவுக்கு வெளியே திராமன் நகரம். என் பட்டறையில் இருபது வருடம் வேலை செய்த ஈரானியர் ருஸ்தம், தீயின் முன் நின்று வழிபடும் சரதுஸ்திர சமயத்தவர். இறந்துபோன அவருடைய மனைவி ஏற்றிய விளக்கு அவர் வீட்டில் அணையாமல் எரிகிறது. அவர்களுடைய ஆட்கள் புருசெத்தில் அன்று திறக்கும் வழிபாட்டு அறைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்.

"அணைந்தால் திரும்ப ஏற்ற மாட்டேன். அது அவள் கை பட்ட தீ" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு ருஸ்தம் என் பக்கத்தில் ஏறினார். விளக்கை வைத்த கூடு என் மடியில். கார் ஓட்டியவள் என் மகள் மெலனி. பல்கலைக்கழகத்தில் சமய வரலாறு படிக்கிறாள்.

11.20. பாலம் தாண்டியதும் தொடங்கினாள்.

"அப்பா, நத்தார்க் குடிலிலை வைக்கிற மூண்டு ராசாக்களும் ராசாக்களே இல்லை. கிரேக்க மூலப் பைபிளிலை அவையளுக்குப் போட்டிருக்கிறது ருஸ்தம் மாமான்ரை சமயத்துக் குருமாரைக் குறிக்கிற சொல்லு."

"ஓம், அந்தோனியாரும் ஈரான் எண்டு சொல்லு."

"பகிடி விடாதேங்கோ. நன்மை தீமைச் சண்டை, கடைசித் தீர்வை, செத்தவை எழும்புறது எல்லாம் அவையிட்டை இருந்து யூதருக்குப் போய், பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவினதெண்டு கன பேர் சொல்லுகினம். மறுக்கிற ஆக்களும் இருக்கினம். மோட்சத்துக்குச் சொல்லுற பரடைஸ் எண்ட சொல்லு மட்டும் அவையின்ரைதான். மதில் கட்டின தோட்டமாம்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். சுடர் பொட்டளவாகச் சுருங்கியது. காற்றுக்குப் பயந்து கூட்டின் துளைகளைக் குறைத்திருந்தேன். தீக்கு மூச்சு முட்டியது. நெடுஞ்சாலையில் நிறுத்த இடமில்லை. அடுப்பு ஊதிப் பழகிய வாய் தானாகக் குனிந்தது.

"அப்பா, ஊதாதேங்கோ!"

ருஸ்தத்தின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. மனித மூச்சுப் பட்டால் தீ அசுத்தமாகிவிடும். அவர்களுடைய குருமார் வாயைத் துணியால் மறைத்துக்கொண்டுதான் தீயின் முன்னே நிற்பார்கள். ருஸ்தம் கண்ணை மூடி மனைவியின் பெயரைச் சொன்னார். நான் கொதிக்கும் மூடியை வெறும் விரலால் பிடித்துத் திருகினேன். தோல் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. மூடி கழன்றதும் சுடர் மஞ்சளாக எழும்பியது. பிழை விட்டதும் நான், திருத்தியதும் நான்.

"விரலைக் காட்டுங்கோ."

"நீ ரோட்டைப் பார்."

12.05, புருசெத். தீயைப் பெரிய கலத்துக்கு மாற்றினார்கள். ருஸ்தம் சத்தமாக அழுதார். பிறகு ஒருவர் அரை மணி நேரம் பேசினார். தீர்க்கதரிசி, பாரசீக மன்னர்கள், கிரேக்கர், யூதர், ஐரோப்பா என்று எல்லாரும் வந்தார்கள். சுவர்ப் பலகையில், இத்தீ திராமனிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று எழுதியிருக்கிறது.

அறையை நடத்துகிறவர்களைக் கேட்கிறேன்: யாரால்? தானாக நடந்து வந்ததா? பலகையின் அடியில் தாராளமாக இடம் இருக்கிறது. கூடு செய்து கொண்டுவந்தவர் மன்னார் சவிரிமுத்து என்று போடுங்கள். எழுத்துகளை நானே தகரத்தில் வெட்டித் தருகிறேன்.